வேம்பாயி புருஷன் ஆடியில் சாகட்டும்

"வைகாசி முகூர்த்தத்துல தாலியைக் கழட்டச் சொல்லுத காலண்டரை இந்த உலகத்துல எவனாவது அடிப்பானா? என் பிரஸ்ஸுல அடிச்சிருக்கு!"

தனுஷ்கோடி நேற்று மத்தியானத்திலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குக் காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்துவிட்டார். இட்லி பாவம், ஆறிக்கொண்டிருந்தது.

மதுரைப் பட்டுக்கடையிலிருந்து போன் வந்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கடை வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற தினசரி காலண்டர் அத்தனையும் சிவகாசியில் தனுஷ்கோடியின் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. சாம்பிளுக்குப் போன தேதிக் கட்டைப் புரட்டிக்கொண்டே வந்த மேனேஜர் மகேஷ்குமார், வைகாசி மாதத்துத் தாள் ஒன்றில் திகைத்து நின்றுவிட்டார். தாளின் தலையில் சிவப்பு எழுத்தில் 'வளர்பிறை முகூர்த்தம்'. அடியில், வழக்கமாகப் பொன்மொழி வருகிற இடத்தில், இரண்டு வரி.

மாலை வாடுமுன்னே மன்னவன் போனானே;
தாலி கனக்குதடி, தங்கமே, கழற்றிவிடு.

கல்யாணப் பட்டு விற்கிற கடைக்கு இப்படி ஒரு காலண்டர்! அவர் போனில் கத்தாமல் கொஞ்சவா செய்வார்?

அந்த வரியை அங்கே கொண்டுபோய் வைத்தவள் தனுஷ்கோடியின் மருமகள் ஸ்ரீமதி. ஏழாயிரம்பண்ணைப் பெண். பட்டாசுக் கம்பெனிக் கணக்கர் மகள். இந்த வீட்டுப் பிள்ளை மணிகண்டராஜைக் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். சமையலறையிலேயே உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து, இந்த வருஷம்தான் பிரஸ்ஸில் ஒரு நாற்காலி வாங்கியிருந்தாள். தேதித் தாளில் வரும் பொன்மொழிகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

அந்தப் பொன்மொழி ஃபைல் இருக்கிறதே, அது எந்தக் காலத்திலோ யாரோ தொகுத்தது. 'கோபத்தைக் குறை', 'அளவோடு உண்' என்று வருஷா வருஷம் அதையேதான் மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருந்தார்கள். படித்தவனும் கிடையாது, திருந்தினவனும் கிடையாது.

ஸ்ரீமதிக்கோ இணையத்தில் பழைய நாடகமும் கவிதையும் படிக்கிற பைத்தியம். நூறு வருஷத்துக்கு முந்திய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படித்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்திருக்கிறார்களே, அதில் மூழ்கினால் அவளுக்கு அடுப்பில் பால் பொங்குவதுகூடத் தெரியாது. அப்படித் துழாவும்போது கிடைத்ததுதான் 'வேம்பாயி' என்ற நாடகம்.

கதை இதுதான். பஞ்ச காலம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிறது, மடையைத் திறக்க ஜமீன் விடவில்லை. வேம்பாயியின் புருஷன் சங்கிலி மடையைத் திறக்கப் போய் அடிபட்டுச் சாகிறான். மடை திறக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்று வேம்பாயி அந்த மடைமேலேயே போய் உட்கார்ந்துவிடுகிறாள்.

இதை ஒரு நாளைக்கு இரண்டு வரியாகக் காலண்டரில் போட்டால் என்ன? தாளைக் கிழிக்கக் கிழிக்க வீட்டில் எல்லோரும் கதை படிப்பார்கள், வருஷம் முடிகிறபோது ஒரு நாடகமே படித்திருப்பார்கள். இதுதான் ஸ்ரீமதி போட்ட கணக்கு. நல்ல கணக்குதான். கதையை வரிசையாக வைத்துக்கொண்டே போனவள், எந்த நாளில் எது விழுகிறது என்று பார்க்க மறந்துவிட்டாள். சங்கிலி நேராக முகூர்த்த நாளில் வந்து செத்துவிட்டான்.

"ஏலே மணி, பழைய ஃபைலை எடுத்துப் போட்டுரு" என்றார் தனுஷ்கோடி. "நாளைக்கு ஆடிப் பதினெட்டு. ஆல்பம் பூசை போடணும், மெஷின் ஓடணும். சாயங்காலம் மகேஷ்குமார் நேர்ல வாராரு. அவர் கையில பழைய பொன்மொழியக் கொடுத்து மன்னிப்புக் கேக்கணும்."

ஆடிப் பதினெட்டன்றுதான் சிவகாசியில் புது வருஷக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அன்றைக்குக் கோணினால் அந்த சீசனே கோணிவிடும் என்று இந்த ஊரில் ஒரு பயம் உண்டு.

"அந்த ஒரு தாளை நான் சரி பண்ணிருதேன் மாமா" என்றாள் ஸ்ரீமதி.

"ஒரு தாளாத்தா? அதுக்கு மறுநாளும் ஒப்பாரி, அதுக்கு மறுநாளும் ஒப்பாரி. ஆனி பூராம் ஒப்பாரி ஓடுது. நான் பாத்தேன். உன்னைய நம்பி விட்டது என் தப்பு. நாளையிலேர்ந்து நீ ஆபீசுக்கு வர வேண்டாம். வீட்டைப் பாத்துக்க."

மணிகண்டராஜ் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா ஞானசுந்தரி இட்லிப் பாத்திரத்தோடு அடுக்களை வாசலில் நின்றாள். அவள் முகம் ஏனோ சரியில்லை.

ஸ்ரீமதிக்குக் கோபம் வந்தால் அழுகை வராது, பசி வரும். இன்னும் இரண்டு இட்லியை எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் கொடுங்க மாமா. மகேஷ்குமார் வேண்டாம்னு சொன்னா நானே பழைய ஃபைலை எடுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துருதேன். அப்புறம் பிரஸ் பேச்சே எடுக்க மாட்டேன்."

"அப்படி என்னத்தா அதுல இருக்கு? காசு போட்டு வாங்குன புஸ்தகமா? சும்மா கிடைச்சது. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?"

"எழுதினவரு காலமாகி எம்புட்டோ வருசமாச்சு மாமா. யாரும் படிக்கலாம், யாரும் அடிக்கலாம். கேஸெல்லாம் வராது. சும்மா கிடைச்சதுன்னு சொல்லுதீகளே, காலண்டரும் சும்மாதான் கொடுக்காக. எங்க ஊருப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போற பொம்பளைக போனைக் கம்பெனி கேட்டுலயே கொடுத்துட்டுத்தான் உள்ள போகணும். வீட்டுக்கு வந்தா போன் பிள்ளைக கையில. அவுக கண்ணுல படுத எழுத்து, சுவத்துல தொங்குத காலண்டர் ஒண்ணுதான். அதுல அளவோடு உண்ணுன்னு அடிச்சா, அவுக என்னத்த அளவோட உண்ண?"

பேச்சில் மாட்டிக்கொண்டால் தனுஷ்கோடி எழுந்து கை கழுவப் போய்விடுவார். போனார்.

"சாயங்காலம் வரைக்கும்தான்" என்று குழாயடியிலிருந்து குரல் வந்தது.

*

பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைவதற்கு முன்னாலேயே ஸ்ரீமதியை மாரிச்செல்வி மறித்துக்கொண்டாள். தேதித் தாள்களைக் கட்டாகச் சேர்க்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள்.

"யக்கா, சாம்பிள் கட்டையெல்லாம் கிழிச்சுப் போடச் சொல்லிட்டாரு மொதலாளி. நான் ஐப்பசி வரைக்கும்தான் படிச்சேன். அவ இன்னும் மடையிலயே உக்காந்திருக்காக்கா!"

"உக்காந்திருக்கட்டும். நீ கிழிக்காத" என்றாள் ஸ்ரீமதி.

மாரிச்செல்வி கட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அதைப் பார்த்ததும் ஸ்ரீமதிக்கு உடம்பில் ஒரு தெம்பு வந்தது. ஒருத்தி படிக்கிறாளே!

தெம்பு மத்தியானம் வரைக்கும் தாங்கவில்லை. சாவை நாலு நாள் தள்ளினாள், அங்கேயும் ஒரு முகூர்த்தம். பத்து நாள் தள்ளினாள், அங்கேயும் ஒன்று. வைகாசி அப்படி, ஆனியும் அப்படித்தான். முன்னால் இழுத்து மார்கழியில் வைக்கலாம் என்றால், ஜனவரி பிறந்ததுமே புருஷனைக் கொன்றுவிட்டுக் கதையில் என்னத்தைச் சொல்வது? சாவையே எடுத்துவிடலாம் என்றால், அப்புறம் வேம்பாயி எதற்கு மடையில் போய் உட்காருகிறாள்? காத்து வாங்கவா?

"ஸ்ரீ, விட்டுரேன்" என்றான் மணிகண்டராஜ். நல்ல பையன்தான், அப்பா குரலைக் கேட்டால் மட்டும் முதுகெலும்பு மடங்கிவிடும். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் மாமா என்னைய இந்த வாசப்படி ஏற விடுவாகளா? நீங்க வாங்கிக் கொடுப்பீகளா எனக்கு அந்த நாற்காலியை?"

அவன் கால் மாற்றி நின்றான்.

"அப்ப விட்டுருன்னு சொல்லாதீக. வந்து உக்காந்து டைப் பண்ணுங்க."

அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஞானசுந்தரி வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டு கேரியர், இன்னொரு கையில் பஞ்சாங்கம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தேதித் தாள்களைச் சரிபார்ப்பது அவள்தான். ராகுகாலம், எமகண்டம், அமாவாசை, முகூர்த்தம் எல்லாவற்றையும் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்து ஞானசுந்தரி தலையாட்டினால்தான் மெஷின் ஓடும். ஆட்களை வைத்துப் பார்க்கலாம் என்று மகன் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் விடவில்லை.

மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகவே ஆகாது என்பது தொடர்ந்து படிக்கிற உங்களுக்குத் தெரியும். 'எந்நேரமும் போனு, எந்நேரமும் போனு' என்று ஞானசுந்தரி புலம்பாத நாள் இல்லை. அதனால் அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும், இதென்னடா புதுச் சோதனை என்று ஸ்ரீமதி நினைத்தாள்.

ஞானசுந்தரி கேரியரைத் திறந்து சோற்றைப் போட்டாள். புளிக்குழம்பை ஊற்றினாள். தட்டை மருமகள் பக்கம் நகர்த்திவிட்டு, யாருக்கோ சொல்கிற மாதிரி கேட்டாள்.

"அந்த வேம்பாயிக்கு ஒரு தங்கச்சி இருந்தாள்ல. அவளுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லியா?"

ஸ்ரீமதி கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"தங்கச்சி இருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"மாசித் தாள்ல வாராள்ல, தண்ணிக்குடத்தைத் தூக்கிட்டு. அதுக்கப்புறம் ஆளையே காணோம். இருக்காளா செத்தாளான்னு ஒரு வரி கிடையாது. இப்படியா கதை சொல்லுவாக?"

"நீங்க படிச்சீகளா?"

"ராகுகாலம் பாக்கையில கண்ணு கீள போகாதாக்கும்? போச்சு. படிச்சேன்." ஞானசுந்தரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அந்த வைகாசித் தாளையும் பாத்தேன். தாலி கனக்குதடின்னு வந்ததும் அளுகையா வந்துருச்சு. கண்ணாடியைத் தொடைச்சுட்டு அடுத்த தாளைப் புரட்டிட்டேன். அவன் செத்ததுதான் மனசுல நின்னுச்சு. மேல முகூர்த்தம்னு சிவப்புல போட்டிருக்கே, அது உறைக்கவே இல்ல. எத்தனையோ வருசமா முகூர்த்தம் பாக்குதவ நான்! உங்க மாமாகிட்ட சொல்லிராத."

மணிகண்டராஜ் அம்மாவைப் புதிதாகப் பார்க்கிறவன் போலப் பார்த்தான். ஸ்ரீமதிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு போனை எடுத்தாள்.

"தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகுது அத்தை. ஒரு காட்சி பூராம் கல்யாணம்தான். பாட்டாவே போகுது. கதைக்கு வேண்டாம்னு நான்தான் எடுத்துட்டேன்."

"எடுத்தியா! கல்யாணத்தை எடுத்துட்டு கருமாதியை வச்சியாக்கும்? படி பாப்போம்."

ஸ்ரீமதி படித்தாள்.

கொட்டடி மேளம்! குனிந்த தலை நிமிராமல்
பட்டுச் சரசரக்கப் பைங்கொடியாள் வாராளே!

"ம்" என்றாள் ஞானசுந்தரி. "இது எம்புட்டுக்கு இருக்கு?"

"நிறைய இருக்கு. பொண்ணு பாக்குறது, பூ முடிக்கிறது, பந்தக்கால் நடுறது..."

சொல்லிக்கொண்டே வந்த ஸ்ரீமதி நிறுத்தினாள். மணிகண்டராஜும் அவளைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. அந்தக் கல்யாணத்தைத் திரும்பச் சேர்த்தால் வைகாசி, ஆனி முழுக்கக் கல்யாணப் பாட்டு வரும், சங்கிலியின் சாவு தானாகத் தள்ளிப் போகும்.

"எது வரைக்கும் தள்ளும்?" என்று கேட்டாள் ஞானசுந்தரி. கை அதற்குள் பஞ்சாங்கத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது.

"ஆடி வரைக்கும் போகும்னு நினைக்கேன் அத்தை."

"ஆடியில ஒரு முகூர்த்தமும் கிடையாது. இந்தா, ஆடி அமாவாசை. செத்தவுகளுக்கு எள்ளும் தண்ணியும் விடுத நாள்." ஞானசுந்தரி அந்த இடத்தில் விரலை வைத்து அழுத்தினாள். "சாகட்டும். இந்த நாள்ல சாகட்டும். அவனையும் சேத்து நாலு பேரு நினைச்சுக்கிடுவாக."

அப்புறம் என்ன, மூன்று பேரும் சாயங்காலம் வரைக்கும் நிமிரவில்லை. ஸ்ரீமதி வரிகளைச் சொல்லச் சொல்ல மணிகண்டராஜ் தாளில் ஏற்றினான். ஞானசுந்தரி ஒவ்வொரு நாளையும் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்தாள். அஷ்டமியில் பந்தக்கால் நட்டதை நகர்த்தச் சொன்னாள். பொண்ணு பார்க்கிற காட்சி கரிநாளில் விழுந்தபோது ஒரு சண்டையே நடந்தது. அதில் மாமியார்தான் ஜெயித்தாள்.

கடைசியில் மணிகண்டராஜ்தான் கேட்டான். "முன்னால இம்புட்டு சேத்தாச்சு. பின்னால இடம் பத்தலியே ஸ்ரீ? டிசம்பர் முடியுது, அவ இன்னும் மடையிலயே உக்காந்திருக்கா. மடை திறந்துச்சா இல்லியான்னு வரலியே?"

"வர வேண்டாம்" என்றாள் ஸ்ரீமதி. "அது அடுத்த வருசக் காலண்டர்ல வரட்டும்."

*

மகேஷ்குமார் வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு விறைப்பாக உள்ளே நுழைந்தார். முன்னால் வைத்த காராச்சேவைத் தொடவில்லை. டீயை மட்டும் ஒரு வாய் குடித்தார்.

"அண்ணாச்சி, உங்க மேல உள்ள மரியாதையிலதான் நேர்ல வந்தேன். எங்க முதலாளி ஆர்டரை வேற பிரஸ்ஸுக்கு மாத்தச் சொல்லிட்டாரு."

தனுஷ்கோடியின் முகம் கறுத்துவிட்டது. "தப்பு நடந்துபோச்சு தம்பி. எம்மருமக சின்னப் பிள்ளை, தெரியாம..."

"எம்மேலயும் தப்பு இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள். வியாபாரம் பேசுகிற நேரத்தில் ஞானசுந்தரி அந்த அறைக்குள் காலடி வைத்து யாரும் பார்த்ததில்லை. இப்போது நடுவில் வந்து நின்றாள்.

"தேதித் தாளை ஒத்துப் பாக்குறது நான் தம்பி. அந்தத் தாளையும் பாத்தேன். படிச்சேன், அளுதேன், சரின்னு விட்டுட்டேன். அவளை மட்டும் சொல்லாதீக."

தனுஷ்கோடி வாயைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஸ்ரீமதி புதுக் கட்டை மகேஷ்குமார் முன்னால் வைத்தாள். "வைகாசியைப் புரட்டிப் பாருங்க சார். அதுல சரியில்லைன்னா நீங்க ஆர்டரை மாத்திக்கிடுங்க."

அவர் வேண்டாவெறுப்பாகப் புரட்டினார். 'பட்டுச் சரசரக்க' வந்தது. ஒரு தடவை படித்தார், உதட்டை அசைத்து மறுபடி படித்தார். "பட்டா!" என்றார். அதற்கு மறுநாளைப் புரட்டினார். அதற்கும் மறுநாள். பந்தக்கால் நட்டார்கள், பூ முடித்தார்கள், தாலி ஏறியது. மகேஷ்குமாரின் கை தானாகக் காராச்சேவுப் பக்கம் போனது.

ஆடி அமாவாசையில் நின்றார். "இங்க கொண்டாந்து வச்சிருக்கீங்களா? ஆடித் தள்ளுபடி நேரம்மா. அப்பத்தான் கடையில கூட்டமே."

"ஆடி அமாவாசை அன்னைக்கு எவளாச்சும் பட்டு எடுக்க வருவாளா தம்பி?" என்றாள் ஞானசுந்தரி.

மகேஷ்குமார் யோசித்தார். சிரித்துவிட்டார். "வர மாட்டாங்கம்மா. அன்னைக்கு கடை காத்தாடும்."

கட்டைக் கடைசிவரை புரட்டினார். டிசம்பர் முடிந்தது.

மடை திறக்கும் வரைக்கும் மண்ணைவிட்டு நானெழேன்;
இடை ஒடிந்து போனாலும் இவ்விடமே என்வீடு.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. "அப்புறம்?"

"அடுத்த வருசக் காலண்டர்ல சார்."

"என்னது?"

"இந்த வருசம் படிச்சவுக முடிவு தெரியணும்னா அடுத்த வருசமும் உங்க கடைக்குத்தானே காலண்டர் வாங்க வரணும்? காலண்டர் வாங்க வந்தவுக வெறுங்கையோடவா போவாக?"

மகேஷ்குமார் கட்டை மேசைமேல் வைத்தார். இந்தச் சிவகாசி மருமகளை எங்கள் கடையில் வேலைக்கு அனுப்புவீர்களா என்று கேட்கிற முகத்தோடு தனுஷ்கோடியைப் பார்த்தார்.

"எங்க முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. அவருக்குச் சோகமா முடிஞ்சா ஆகாது. முதல்லயே கேப்பாரு. ஏம்மா, மடை திறக்குமா?"

அறையில் எல்லோரும் ஸ்ரீமதியைப் பார்த்தார்கள்.

"திறக்கும்" என்றாள் ஸ்ரீமதி.

"நெசமாவா?" என்று ஒரு குரல் கேட்டது. பார்த்தால் தனுஷ்கோடி! கேட்ட பிறகு அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது. இருமிக்கொண்டு டீ கிளாஸை எடுத்தார்.

மகேஷ்குமாரை வண்டி ஏற்றிவிட்டுத் திரும்பி வந்த தனுஷ்கோடி, மருமகளை நேராகப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குப் பூசைக்கு நேரத்தோட வந்துரு. மெஷின் பொத்தானை நீதான் அமுக்கணும்." அதோடு விடவில்லை. "அந்த நாற்காலி ஆடுதுன்னு மாரிச்செல்வி சொன்னா. வேற ஒண்ணு எடுத்துப் போட்டுக்க."

ஸ்ரீமதிக்குச் சந்தோஷம் வந்தாலும் பசிதான்.

*

ஆட்கள் வேலை முடிந்து போய்க்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் அறையில் மணிகண்டராஜும் ஸ்ரீமதியும் மட்டும் இருந்தார்கள். மீந்த காராச்சேவு முழுவதையும் அவள்தான் தின்றுகொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லேன் ஸ்ரீ. மடை எப்படித் திறக்கு? ஜமீன் மனசு மாறிருதாரா?"

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். போனை எடுத்து அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போய் அவனிடம் நீட்டினாள். பழுப்புத் தாள். ஓரத்தில் பூச்சி அரித்த ஓட்டைகள். அடியில் இரண்டு வரி.

விடியட்டும், பார்ப்போமே மேலைத் திசைமேகம்;
வெறுங்கையோ, வெள்ளமோ, வேம்பாயி கேட்கின்றாள்.

"அடுத்த பக்கம்?"

"அடுத்த பக்கம் இல்ல."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா இல்லைங்க. இணையத்துல இதோட முடிஞ்சிருது. படம் பிடிக்கையில விட்டுட்டாகளோ, புஸ்தகத்துலயே கிழிஞ்சு போச்சோ, யாருக்குத் தெரியும்? முன்னால நான் இந்த வரியைத்தான் டிசம்பர் கடைசித் தாள்ல வச்சிருந்தேன். பாக்க முடிவு மாதிரியே இருந்துச்சு. யாரும் கேக்க மாட்டாகன்னு நினைச்சேன்."

மணிகண்டராஜ் எழுந்தே விட்டான். "அடிப்பாவி! திறக்கும்னு சொன்னியே! அவரு இந்நேரம் முதலாளிகிட்ட சொல்லியிருப்பாரு!"

"அம்புட்டு நாள் உக்காந்திருக்கா அந்தப் பொம்பளை. திறக்காதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. தெரியாதுன்னு சொன்னா மாமா அங்கனயே பழைய ஃபைலை எடுத்திருப்பாக." அவள் காராச்சேவுத் தட்டைத் தள்ளிவைத்தாள். "சொல்லிட்டேன். இனிமே மீதிப் பக்கத்தைத் தேடிக் கண்டுபிடிச்சே ஆகணும்."

"கண்டுபிடிச்சு, அதுல திறக்கலன்னா?"

அப்போதுதான் கதவுப் பக்கம் கேரியர் இடிக்கிற சத்தம் கேட்டது. ஞானசுந்தரி. காலிக் கேரியரை எடுத்துப் போக வந்தவள் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ?

"அத்தை..."

ஞானசுந்தரி கையை நீட்டினாள். போனைத்தான் கேட்கிறாள் என்று ஸ்ரீமதிக்குப் புரியவே கொஞ்ச நேரமாயிற்று. இந்தப் போனைத் தொட்டால் தீட்டு என்கிற மாதிரி இருந்தவள், இப்போது வாங்கி, முதல் பக்கத்துக்குப் போகச் சொன்னாள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

முதல் பக்கத்தின் மூலையில் ஊதா மையில் ஒரு முத்திரை, புத்தகம் யாருடையது என்று காட்டுவதற்கு. பாதி அழிந்திருந்தது. ஸ்ரீமதி அதைப் பெரிதாக்கிக் கொடுத்தாள். ஞானசுந்தரி எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"முகம்மது... நூகு. பருப்பு மண்டி. விருதுநகர்."

"பழைய காலத்து மண்டியா இருக்கும் அத்தை. இப்ப எங்க..."

"இப்பவும் இருக்குட்டி. நம்ம வீட்டுக்குத் துவரம்பருப்பு அங்கனருந்துதான் வருது. தாத்தா பேரையே பேரனுக்கும் வச்சிருக்காக. அந்தப் பேரன் வீட்டம்மா பைரோஜாகூட எனக்கு நல்லாப் பளக்கம். தாத்தாவோட சாமானம் ஒண்ணையும் இவரு தூக்கிப் போட மாட்டேங்குதாரு, வீட்ல நடக்க வழியில்லன்னு எப்பப் பாத்தாலும் புலம்புவா."

அப்படியானால் அந்தப் புத்தகமும் அங்கேதான் எங்கேயாவது கிடக்கும்.

"திறக்கலன்னா என்ன பண்றதுன்னு இவரு கேக்காரு அத்தை" என்றாள் ஸ்ரீமதி, மெல்ல.

"திறக்கலன்னா அன்னைக்கு அதைப் பாத்துக்கிடுவோம். திறந்துச்சா இல்லியான்னு தெரியாம என்னால ஒரு வருசம் வீட்ல உக்கார முடியாது." ஞானசுந்தரி கேரியரை எடுத்துக் கையில் மாட்டினாள். "நாளைக்கு நீ பொத்தானை அமுக்கு. பூசை முடிஞ்ச கையோட நம்ம ரெண்டு பேரும் விருதுநகர் பஸ் ஏறுதோம்."

"மாமா எங்க போறீகன்னு கேட்டா?"

வாசல்வரை போன ஞானசுந்தரி திரும்பினாள்.

"பருப்பு தீந்துபோச்சுன்னு சொல்லு."